எபிசோட் 37: லைலா முராத், ஒரு வதந்தி, நாற்பது வருஷ மௌனம்

உம்மு குல்தூம் எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "எகிப்துல அவங்களை விட்டா வேற யாருமே பாடலையா?" பாடினாங்க. நிறையப் பேர் பாடினாங்க. அதுல ஒருத்தரைப் பத்தித்தான் இன்னைக்கு. பேர் லைலா முராத். 1940கள்ல கெய்ரோவுல சினிமா டிக்கெட் கவுண்டர் முன்னாடி நின்ன எவரைக் கேட்டாலும் இந்தப் பேரைச் சொல்லியிருப்பாங்க.

முதல்ல ஒரு கணக்கு. அவருடைய முதல் கதாநாயகி வேடம் 1938ல். கடைசிப் படம் 1955ல். பதினேழு வருஷம், முப்பதுக்கும் குறைவான படங்கள். கடைசிப் படம் வெளியானபோது அவருக்கு வயது 37. அவர் இறந்தது 1995 நவம்பர் 21. நடுவுல நாற்பது வருஷம் இருக்கு பாருங்க, அந்த நாற்பது வருஷத்தில் ஒரு படம்கூட இல்லை. கெய்ரோவை விட்டு அவர் எங்கேயும் போகவும் இல்லை. அதே ஊர்ல, தன் பாட்டு ரேடியோல ஓடிக்கிட்டு இருக்கும்போதே, திரைக்கு வெளியே இருந்தார். ஏன்? எனக்கு இந்தக் கேள்வி பிடிச்சுப்போய்த்தான் மூணு வாரமா பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

பிறப்பிலிருந்து ஆரம்பிப்போம். 1918 பிப்ரவரி 17ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் லைலா. அப்பா ஸக்கி முராத் அந்தக் காலத்தில் பேர் பெற்ற பாடகர். யூத தொழுகைக்கூடத்தில் வழிபாட்டுப் பாடல்களும் பாடுவார், மேடையில் காதல் பாட்டும் பாடுவார். எகிப்திய இசையில் நவீன காலத்தைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்லப்படும் சையத் தர்வீஷ் இசையமைத்த மேடை நாடகத்தில் 1920ல் முக்கிய வேடத்தில் பாடியவர். அப்புறம் அமெரிக்காவுக்குக் கச்சேரி பண்ணப் போய் சில வருஷம் அங்கேயே இருந்துட்டார். இங்கே வீட்டில் பணக் கஷ்டம். திரும்பி வந்தபோது அவருக்கு மவுசு குறைஞ்சு போச்சு. மகளின் குரல்தான் இனிமே வீட்டைக் காப்பாத்தும்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. லைலாவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் தாவூத் ஹுஸ்னி, அவரும் யூதர்தான்.

இது ஏதோ அபூர்வமான விஷயம்னு நினைக்காதீங்க. அப்போ எகிப்தில் 70,000 முதல் 80,000 யூதர்கள் வரை வாழ்ந்தாங்க. அவங்கள்ல நிறையப் பேர் வீட்டில் அரபிதான் பேசினாங்க. சினிமா, இசை, வங்கி, துணிக்கடைன்னு எல்லா இடத்திலும் இருந்தாங்க. "யூதப் பாடகி"ன்னு யாரும் லைலாவைச் சொல்லலை. பாடகின்னுதான் சொன்னாங்க. இந்த விவரத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1934ல் எகிப்து அரசு வானொலி தொடங்குகிறது. 1935ல் ஸ்டுடியோ மிஸ்ர். இந்த ரெண்டும் இல்லைன்னா லைலா முராத் இல்லை. ஏன்னு சொல்றேன். உம்மு குல்தூமின் குரல் மேடைக்கானது. ஒரு பாட்டை ஒரு மணி நேரம் பாடுவார், கூட்டம் கத்தக் கத்த அதே வரியை வேற வேற மாதிரி திருப்பித் திருப்பிப் பாடுவார். அந்தக் குரலுக்கு மைக் ஒரு உதவி, அவ்வளவுதான். லைலாவின் குரல் அப்படியில்லை. மெல்லிசு, சுத்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுற மாதிரி. பெரிய அரங்கத்தில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராத நுணுக்கம் எல்லாம் மைக்கில் விழும். நாலஞ்சு நிமிஷப் பாட்டுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடுவார். சினிமாவுக்குத் தேவைப்பட்டது அதேதான். அங்கே நம்ம ஊர் மாதிரி ஒருத்தர் பாட, இன்னொருத்தர் வாயசைக்கிற பழக்கம் பெரிசா வளரலை. பாடத் தெரிஞ்சவங்களே நடிச்சாங்க. அதனால குரலும் முகமும் ரெண்டும் கேமராவுக்குப் பொருந்துற ஆள் கிடைச்சா, தயாரிப்பாளர்கள் விடவே மாட்டாங்க.

1938ல் வந்த 'யஹ்யல் ஹுப்'. 'காதல் வாழ்க'ன்னு அர்த்தம். கதாநாயகன் முகம்மது அப்துல் வஹாப், அப்போ அரபு உலகத்திலேயே பெரிய பாடகர், இசையமைப்பாளர். இயக்கம் முகம்மது கரீம். படத்தைப் பார்த்தா லைலா ரொம்ப விறைப்பா இருக்கார். கையை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. ஆனா பாட்டு ஆரம்பிச்ச உடனே வேற ஆள்.

அந்த விறைப்பை உடைச்சவர் தோகோ மிஸ்ராஹி. இவர் அலெக்சாண்ட்ரியாக்காரர், யூதர், சொந்தமா ஸ்டுடியோ வச்சிருந்த இயக்குநர். 1939லிருந்து 1944க்குள்ள லைலாவை வச்சு ஐந்து படம் எடுத்தார். அதுல நாலு படத்தோட பேரில் 'லைலா' இருக்கு! 'கிராமத்துப் பொண்ணு லைலா', 'பள்ளிக்கூடத்துப் பொண்ணு லைலா', 'இருட்டில் லைலா' இப்படி. அதுல 1942ல் வந்த படத்துக்குப் பேரே வெறும் 'லைலா'. பிரெஞ்சு எழுத்தாளர் தூமாவின் 'கமேலியா சீமாட்டி' கதையை எகிப்துக்குக் கொண்டு வந்தது. மார்க்கெட்டிங்கா இதைப் பாருங்க. அரபு மொழியில் லைலான்னா மஜ்னூன் கதையிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலா காதலியோட பேர். அந்தப் பேரை ஒரு நடிகை மேல ஒட்டி, அவரையே பிராண்டா மாத்தின வேலை இது. கதாபாத்திரமும் லைலா, நடிகையும் லைலா, போஸ்டரும் லைலா.

அடுத்து அன்வர் வக்தி வர்றார். அழகன், நடிகன், பேராசைக்காரன். பேராசைன்னு நான் திட்டலை, அந்த ஆளோட எரிபொருளே அதுதான். 1945ல் 'ஏழைகளின் மகள் லைலா' படத்தை இயக்கி, அதிலேயே நாயகனாவும் நடிச்சு, அதே வருஷம் லைலாவைக் கல்யாணமும் பண்ணிக்கிட்டார். கெய்ரோ நகர மையத்தில் இமோபிலியான்னு ஒரு பெரிய கட்டடம், சினிமாக்காரங்க நிறையப் பேர் குடியிருந்த இடம். அங்கேதான் வீடு. ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்ச படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா 1947ல் வந்த 'கல்பி தலீலி'யோட தலைப்புப் பாட்டைக் கேளுங்க. இசை முகம்மது அல்கஸப்ஜி. மேற்கத்திய வால்ட்ஸ் தாளத்தில் அரபிக் குரல் அலையலையா ஏறி இறங்கும்.

(இங்கே பாடலின் சிறு பகுதி ஒலிக்கிறது.)

கேட்டீங்களா? அந்த மேல் ஸ்தாயியில் மூச்சு வாங்குற சத்தமே இல்லை.

1940களின் பிற்பகுதியில் அவர் இஸ்லாத்துக்கு மாறினார். இதைப் பத்தி, விடியற்காலை பாங்குச் சத்தம் கேட்டு மனசு உருகி மாறினார்னு ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுது. சினிமாக் காட்சி மாதிரியே இருக்கும். நிஜத்தில் ஒருத்தர் மதம் மாறுவதுக்குப் பின்னாடி கல்யாணம், தொழில், நம்பிக்கை, பயம்னு எது எது எவ்வளவு இருந்ததுன்னு வெளியாள் அளக்க முடியாது. அது நடந்த காலத்தை மட்டும் கவனிங்க. 1948ல் இஸ்ரேல் உருவாகுது, முதல் அரபு இஸ்ரேல் போர் நடக்குது, கெய்ரோவில் யூதர்கள் வாழ்ந்த பகுதிகளில் குண்டு வெடிக்குது. அலெக்சாண்ட்ரியாவில் ஸ்டுடியோ வச்சிருந்த தோகோ மிஸ்ராஹி எகிப்தை விட்டுக் கிளம்பி ரோமுக்குப் போயிட்டார், அங்கேயே 1986ல் இறந்தார். லைலா போகலை.

இந்த இடத்தில் 'கஸல் அல்பனாத்' பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். 1949. எழுத்து, தயாரிப்பு, இயக்கம் எல்லாத்திலும் அன்வர் வக்தி கை இருக்கு. கதை ரொம்பச் சாதாரணம். அரபிப் பாடத்தில் ஃபெயிலான பணக்காரப் பாஷாவின் மகள் லைலா. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வர்ற ஏழை வாத்தியார் ஹமாம். அந்த வேடத்தில் நஜீப் அல்ரீஹானி, எகிப்து மேடையின் மாபெரும் நகைச்சுவை நடிகர். கிழிஞ்ச கோட்டோடு வந்த வாத்தியாருக்கு அந்தப் பெண் மேல காதல் வந்துடும். அவளுக்கு அது தெரியாது. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. கடைசியில் ராத்திரி நேரத்தில் ரெண்டு பேரும் ஒரு மாளிகைக்குள்ள போறாங்க. அங்கே அப்துல் வஹாப், அப்துல் வஹாபாவே வந்து, ஆத்மாவை மட்டும் நேசிக்கிற காதலைப் பத்தி ஒரு பெரிய பாட்டுப் பாடுறார். கேமரா அவர் மேல மட்டும் இருக்காது. கேட்டுக்கிட்டு நிக்கிற ரீஹானியின் முகத்துக்கு வரும். தனக்கு இந்தப் பெண் கிடைக்கப் போறதில்லைன்னு அந்த மனுஷனுக்குப் புரியுற நிமிஷம் அது. அவர் ஒண்ணுமே பேசமாட்டார். கண்ணு மட்டும் நிறையும். பக்கத்தில் லைலா எதுவும் தெரியாத சந்தோஷத்தில் பாட்டைக் கேட்டுக்கிட்டு நிப்பார்.

படம் வெளியாகுறதுக்கு முன்னாடியே, 1949 ஜூனில், ரீஹானி இறந்துட்டார். தியேட்டர்ல பார்த்தவங்க எல்லாருமே செத்துப்போன ஒருத்தரின் கண்ணீரைத்தான் பார்த்திருக்காங்க. 1996ல் எகிப்தின் சிறந்த 100 படங்கள்னு விமர்சகர்கள் போட்ட பட்டியலில் இந்தப் படத்துக்கு இடம் உண்டு. என் பார்வையில் லைலா நல்ல நடிகைன்னு நிரூபிக்கிற படமும் இதுதான். அவ்வளவு பெரிய நடிகர்கள் சுத்தி நிக்கும்போது, அலட்சியமா, செல்லமா, கொஞ்சம் சுயநலமா ஒரு பெண்ணா அவர் இருக்கார். தன்னை நல்லவளாக் காட்டிக்க அவர் முயற்சியே பண்ணலை. வேற கதாநாயகியா இருந்தா கடைசியில் ரெண்டு சொட்டுக் கண்ணீராவது விட்டிருப்பாங்க.

இப்போ 1952. ஜூலை 23ல் ராணுவ அதிகாரிகள் மன்னர் ஃபாரூக்கின் ஆட்சியைக் கவிழ்க்கிறாங்க. அதுக்கு அடுத்த மாதங்களில் ஒரு செய்தி கிளம்புது: லைலா முராத் இஸ்ரேலுக்குப் போனார், அந்த நாட்டுக்கு 50,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார். சிரியா உடனே அவருடைய படங்களுக்கும் பாட்டுகளுக்கும் தடை போட்டது. அந்தக் கோடையில் அவர் பிரான்ஸ் போயிருந்தது உண்மை. மத்ததெல்லாம் அதுக்கு மேல கட்டினது.

இந்தத் தடை எவ்வளவு பெரிய அடின்னு புரிய, எகிப்து சினிமாவின் பணக் கணக்கு தெரியணும். ஒரு வருஷத்துக்கு 50 படம் போல எடுத்த தொழில் அது. ஆனா அந்தப் படங்களுக்கான சந்தை எகிப்துக்குள்ள மட்டும் இல்லை. டமாஸ்கஸ், பெய்ரூத், பாக்தாத் எல்லாம் சேர்ந்துதான் முதலைத் திருப்பித் தரும். அரபு நாடுகளின் இஸ்ரேல் புறக்கணிப்பு அலுவலகம் இருந்ததும் டமாஸ்கஸில்தான். ஆக, ஒரு நடிகையின் படம் சிரியாவில் ஓடாதுன்னா அது ஒரு ஊர் பிரச்சினை இல்லை. தயாரிப்பாளர் அடுத்த படத்துக்கு அந்த நடிகையைப் போடலாமா வேண்டாமான்னு பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவார்.

லைலா மறுத்தார். புதிய அரசு விசாரிச்சது. குற்றச்சாட்டில் உண்மை இல்லைன்னு அதிகாரபூர்வமா அறிவிச்சது. 1952 முடியுறதுக்குள்ளேயே இதெல்லாம் முடிஞ்சு போச்சு. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும்: பக் வந்துச்சு, பேட்ச் விட்டாச்சு, ரிலீஸ் நோட்டும் எழுதியாச்சு. ஆனா பாதிப் பேர் அப்டேட் பண்ணவே இல்லை. இன்னைக்கும் இணையத்தில் தேடினா அந்த 50,000 பவுண்டு வந்து நிக்கும், மறுப்பு ரெண்டாவது பக்கத்தில் இருக்கும்.

வதந்தியைக் கிளப்பினது யார்? அன்வர் வக்திதான்னு பல பேர் சந்தேகப்பட்டாங்க. அப்போ ரெண்டு பேருக்கும் நடுவில் பெரிய சண்டை, பல தடவை பிரிஞ்சு சேர்ந்து கடைசியா முழுசாப் பிரிஞ்ச நேரம். ஆனா அவர்தான்னு காட்ட ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. அவர் 1955லேயே ஸ்டாக்ஹோமில் இறந்தும் போனார். புருஷனை வில்லனாக்கினா கதை சுலபமா முடிஞ்சிடும், அதனாலேயே எனக்கு அதில் சந்தேகம்.

இதில் ஒரு விசித்திரம். அதே 1952ல் வந்த படம் 'சய்யிதத் அல்கித்தார்', 'ரயில் சீமாட்டி'. இயக்கினது 26 வயசுப் பையன் யூசுஃப் ஷாஹீன், பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர். கதையில் லைலா ஒரு பாடகி. சூதாடிக் கணவன். ரயில் விபத்தில் அவள் செத்துட்டாள்னு எல்லாரும் நம்பிடுறாங்க. இன்ஷூரன்ஸ் பணம் புருஷன் கைக்கு வருது. அவள் உயிரோட இருக்கான்னு தெரிஞ்ச பிறகும், செத்தவளாவே இருந்தாத்தான் அவனுக்கு லாபம். உயிரோட இருக்கிற பாடகி, உலகத்தைப் பொறுத்தவரை இல்லை. அடுத்து நடக்கப் போறது தெரிஞ்சு யாரும் எழுதலை, ஆனா இப்போ பார்க்கும்போது உடம்பு சிலிர்க்குது.

சரி, அப்போ வதந்திதான் அவர் வாழ்க்கையை முடிச்சதா? வழக்கமா இப்படித்தான் கதை சொல்வாங்க. எனக்கு முழுசா ஒப்புதல் இல்லை. ஏன்னா 1952க்கு அப்புறமும் அவர் நடிச்சார். புரட்சியைக் கொண்டாடும் பாட்டுப் பாடினார். 1953ல் 'லைலா பின்த் அல்அகாபிர்' படத்தில், ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்களை வழியனுப்புற ஒரு பாட்டு. இசை ரியாத் அஸ்ஸுன்பாத்தி. ஹஜ் மாசம் வந்தா எகிப்தில் இன்னைக்கும் அந்தப் பாட்டு ஒலிக்கும். யூத வழிபாட்டுப் பாடகரின் மகள் பாடினது.

இன்னொண்ணு, அவருடைய தம்பி முனீர் முராத். அவரும் அதே வீட்டில் பிறந்தவர், அவரும் பின்னாடி மதம் மாறினவர். 1950, 60கள்ல எகிப்தின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவரா இருந்தார். அப்துல் ஹலீம் ஹாஃபிஸுக்கும் ஷாதியாவுக்கும் போட்ட துள்ளல் பாட்டுகள் அவருடையது. 1954ல் இஸ்ரேல் உளவுத்துறை எகிப்து யூத இளைஞர்களை வச்சுக் குண்டு வச்ச விவகாரம் வெடிச்சுது. 1956ல் சூயஸ் போர், ஆயிரக்கணக்கான யூதர்கள் வெளியேற்றப்பட்டாங்க. அதுக்கு நடுவிலும் முனீர் வேலை செஞ்சார். ஆக, பிறப்பு மட்டுமே காரணம்னா தம்பிக்கும் கதவு அடைச்சிருக்கணும்.

வித்தியாசம் என்ன? அவர் ஆண், திரைக்குப் பின்னாடி இருந்தவர். லைலாவோ பெண், அவருடைய முகமும் உடம்பும் வயசும்தான் சரக்கு. புரட்சி அதிகாரிகளில் ஒருவரான வஜீஹ் அபாஸாவுடன் ஒரு உறவு, அதிகம் வெளியே பேசப்படாத திருமணம், ஒரு மகன். அப்புறம் இயக்குநர் ஃபத்தீன் அப்துல் வஹாபுடன் திருமணம், இன்னொரு மகன். அந்த இரண்டாவது மகன் ஸக்கி ஃபத்தீனும் பின்னாடி சினிமாவுக்கு வந்தார். அந்த வருஷங்களில் அவர் தாய். 1955ல் அப்துல் ஹலீம் திரைக்கு வர்றார், ரசிகர்களின் வயசே மாறுது. பணக்கார வீட்டுப் பொண்ணு, பாஷா, மாளிகை, குதிரைச் சவாரி இதெல்லாம் வச்ச லைலா படங்களின் உலகத்தையே புரட்சி ஒழிச்சிருந்தது. பாஷா பட்டமே ரத்து! வரலாற்று ஆய்வாளர் ஹனான் ஹம்மாத் 2022ல் லைலாவைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். யூதப் பின்னணியோடு, ஒரு பெண் நட்சத்திரமா அவர் பட்ட பாட்டையும் சேர்த்துப் படிக்கணும்னு அது என்னைத் தள்ளிச்சு. நம்ம வேலையில் ஒரு சர்வர் விழுந்தா ஒரே காரணத்தைத் தேடுவோம். பெரும்பாலும் நாலஞ்சு சின்ன விஷயம் ஒரே ராத்திரியில் சேர்ந்திருக்கும்.

1955ல் 'அல்ஹபீப் அல்மஜ்ஹூல்', 'அறியாத காதலன்'. ஓடலை. அதோட முடிஞ்சுது.

அப்புறம் அவர் நேரில் பெரிசா வரலைன்னாலும், அவரை ரெண்டு பக்கமும் இழுத்தாங்க. இஸ்ரேலில் வெள்ளிக்கிழமை மத்தியானம் டிவியில் அரபிப் படம் போடுவாங்க. எகிப்து, இராக்கிலிருந்து போன யூதக் குடும்பங்கள் விட்டு வந்த ஊரை அதில் பார்த்தாங்க. எகிப்தில் 2009 ரமலானுக்கு அவர் வாழ்க்கையைத் தொடராகவே எடுத்தாங்க. ஒரு கூட்டம் "பாருங்க, எங்க நாடு எவ்வளவு பரந்த மனசு"ங்குது. இன்னொரு கூட்டம் "பாருங்க, ஒரு யூதப் பெண்ணை எப்படி ஒழிச்சாங்க"ங்குது. முதல் கூட்டம் 1952ஐத் தாண்டிப் போயிடும். ரெண்டாவது கூட்டம், அந்தம்மா கிளம்பலாம்னு இருந்த எல்லா வாய்ப்பையும் விட்டுட்டு கெய்ரோவிலேயே முஸ்லிமா வாழ்ந்து, அங்கேயே அடக்கமானதைப் பேசாது. அவரே இந்த ரெண்டு பேச்சிலும் ஒண்ணைத் தன் பேச்சாச் சொன்னதில்லை.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு கேப்பீங்க. 'கஸல் அல்பனாத்' முதல்ல. யூடியூப்ல கிடைக்கும், சப்டைட்டில் சுமார்தான், பரவாயில்லை, குதிரைப் பாட்டுக்கு சப்டைட்டில் தேவைப்படாது. அப்புறம் 1950ல் வந்த 'ஷாத்தி அல்கராம்'. மர்ஸா மத்ரூஹ் கடற்கரையில் எடுத்தது. கடலுக்குள்ள இருக்கிற ஒரு பாறையில் லைலா பாடுவார். அந்தப் பாறைக்கு இப்போ லைலா முராத் பாறைன்னுதான் பேர், சுற்றுலா போறவங்க நீந்திப் போய் அதுமேல ஏறி ஃபோட்டோ எடுத்துக்கிறாங்க. மூணாவதா 'ரயில் சீமாட்டி', அதை ராத்திரி தனியா பாருங்க.

அடுத்த எபிசோட்ல முனீர் முராத்தோட இசையை மட்டும் எடுத்துப் பேசலாம்னு இருக்கேன். பார்த்துட்டு எந்தப் பாட்டு பிடிச்சதுன்னு மெசேஜ் போடுங்க.